தலைமாட்டில் ஓர் ஆள் இடம்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த ஆண்டில், வீட்டிலிருந்த படங்களை வெட்டி ஒட்டியதற்காக மூன்று தரம் அடி வாங்கினேன். முதலாவது அடி, உறவினர் ஒருவரின் கலியாணக் கூட்டுப்படத்திலிருந்து மாமியின் தலையை வெட்டியெடுத்து, பால்மாக் கலண்டரில் நின்ற சீமைப் பசுவின் கழுத்தில் பொருத்தியதற்கு. இரண்டாவது, மிஞ்சிய பசுத் தலையை வீணாக்க மனமில்லாமல், அதே கலியாணப் படத்தில் மாமியின் சேலைக்கு மேலே ஒட்டிவைத்ததற்கு. மூன்றாவது எதற்கென்று மறந்துவிட்டது. மறந்ததை மறந்தது என்றே எழுதுகிறேன்.

வெறும் கடதாசியோடு நான் நின்றுவிடவில்லை. அப்பா கொண்டுவரும் பாரை மீனின் பெரிய செதில்களைக் கழுவி, மணம் போகும்வரை வெயிலில் காயவைத்து, படத்திலுள்ள பெண்களுக்குக் கல்லுவைத்த தோடாக ஒட்டுவேன். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள் கடலாகும். கிழிந்த வலைத்துண்டு மணப்பெண்ணின் முக்காடாகும். உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசினால் வானம். பசை காயுமுன் கடற்கரை மணலைத் தூவினால் கரை. பசை, கூப்பனுக்குக் கடையில் தரும் கோதுமை மாவில் நானே காய்ச்சியது. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒட்டிய திகதியையும் பாவித்த பொருட்களையும் எழுதிவைப்பேன். இலைகளை ஒட்டும் கொப்பியில் அப்படி எழுதவேண்டும் என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். இலைக்கு ஒரு முறை, மாமிக்கு இன்னொரு முறை என்று நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு பருத்தித்துறைக்கு மேற்கே, கடல் இரைவது எந்த அறையிலும் கேட்கும் தூரத்தில் இருந்தது. வீட்டில் நான்கு பேர். அப்பா வள்ளம் வைத்துத் தொழில் செய்தார். அப்பாவின் தமக்கையான மாமி, புருசனை இழந்த பிறகு எங்களோடு வந்திருந்தவர், வீட்டை நடத்தினார். அம்மா வருத்தக்காரி. வயிற்றில் கட்டி. ஆசுப்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு, திரும்பத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விறாந்தையின் ஒரு பாதியை ஓலைத் தட்டியால் மறைத்து, சாக்குக் கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தோம். நான்காவது நான். ஐந்தாவதாக எண்ணவேண்டிய அண்ணை, கிரேக்கக் கப்பல் ஒன்றில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அண்ணை கப்பலுக்குப் போனது அப்பாவின் ஏற்பாடு. கொழும்பில் ஆள் பிடித்து, கப்பலில் வேலை செய்வதற்கான அனுமதிப் புத்தகம் எடுத்து, எல்லாம் அப்பாதான் செய்தார். அம்மாவுக்கு அதில் சம்மதமே இல்லை. அம்மாவின் தகப்பனும் கடலோடு போனவர். "உவனை அனுப்பினால் நான் உங்களோடை கதைக்கமாட்டன்" என்று அம்மா சொன்னதாகவும், அப்பா சிரித்ததாகவும் மாமி சொல்லக் கேட்டிருக்கிறேன். அண்ணை பஸ் ஏறிய நாளிலிருந்து அம்மா சொன்னபடியே நடந்தார். அப்பா இரண்டு முழத் தூரத்தில் இருந்தாலும், "பிள்ளை, கொப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார். நானும் அப்பாவின் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காததுபோல அதையே ஒருமுறை சொல்வேன். "வாறன் எண்டு சொல்லு" என்பார் அப்பா. அதையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லா வீடுகளிலும் பிள்ளைகள் பெறுவது இதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பா நாள்தோறும் பதினொரு மணிக்கு வாசல் படலையடியில் போய் நிற்பார். தபால்காரர் எங்கள் ஒழுங்கைக்கு வரும் நேரம் அது. ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவர் கொண்டுவந்தது கடிதம் அல்ல, தந்தி. அப்பா அதைப் படலையடியிலேயே நின்று வாசித்தார். பிறகு மடித்தார். பிறகு இன்னும் சிறிதாக மடித்தார். மாமியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மாமியின் முகம் நன்றாகக் கழுவப்பட்டிருந்தது. எனக்குச் சொல்லப்பட்டது, "கப்பல் சுணங்குதாம், கடிதம் பிந்தும்" என்பது மட்டுமே.

அந்தத் தந்தியில் இருந்ததை எனக்கு அம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் மாமி சொன்னார். வாசிப்பவர்களை அவ்வளவு காலம் காக்கவைப்பது நியாயமில்லை. புயலில் அண்ணையைக் கப்பலின் மேல்தட்டிலிருந்து அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அம்மாவுக்கு அது தெரியக்கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஊரில் வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அழுகைச் சத்தத்தோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். அம்மாவோ கடிதம் வராத நாள் கூடக்கூடச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனார். அதனால் அப்பா கடிதம் எழுதத் தொடங்கினார். அண்ணையின் பழைய வான்தபால் உறை ஒன்றுக்குள் தான் எழுதிய தாளை வைத்து, பின்னேரம் தேத்தண்ணி குடித்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். "அன்புள்ள அம்மா, நான் நல்ல சுகம்" என்று அது தொடங்கும். வாசிக்கத் தெரியாத அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "பதில் எழுதச் சொல்லு" என்பார். அப்பா மடியில் பலகையை வைத்துக்கொண்டு, அம்மா சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் எழுதுவார். முதற் பதில் முழுக்கக் கட்டளைகள். சனிக்கிழமையில் எண்ணெய் வைக்கவேண்டும், மாட்டிறைச்சி தின்னக்கூடாது, மேல்தட்டில் ஓரமாக நிற்கக்கூடாது. அந்தக் கடைசிக் கட்டளையில் அப்பாவின் பேனை சிறிது நேரம் நின்றது. மை முடிந்துவிட்டதாக்கும் என்று புட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

முதற் பதிலின் முடிவில் அம்மா ஒன்று கேட்டிருந்தார். "ஒரு படம் பிடிச்சு அனுப்பச் சொல்லு. முகம் மறந்து போகுது."

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, மாமி என் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தார். அந்தக் கத்தரிக்கோல் மூன்றாவது அடியோடு பறிமுதல் செய்யப்பட்டது. இன்னும் ஒன்று பாக்கி போலிருக்கிறது என்று நினைத்து எட்டவே நின்றேன்.

"இஞ்சை வா. அடிக்கமாட்டன்."

"அப்ப ஏன் கத்தரிக்கோல்?"

"கொண்ணையின்ரை தலையை வடிவா வெட்டுவியோ? காது கழராமல்?"

"உங்கடை தலையை வெட்டேக்கை காது கழரேல்லைத்தானே."

மாமி என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு, அந்த மாதத்தில் முதற் தடவையாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இடையில் வேறொன்றாக மாறியதையும், அவர் எழுந்து அடுப்பைக் கிளறப் போனதையும் கண்டேன். புகை என்று நினைத்தேன்.

றங்குப்பெட்டியில் அண்ணை கப்பல் புத்தகத்துக்காக எடுத்த சிறிய படங்களில் எட்டு மிச்சம் இருந்தன. எட்டும் ஒரே படம். நேராகப் பார்க்கும் முகம், கழுத்துவரை பூட்டிய வெள்ளைச் சேட்டு. மாமி எங்கிருந்தோ இரண்டு பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளை வாங்கி வந்திருந்தார். கப்பல் தட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வெள்ளைக்காரனை அவற்றில் கண்டுபிடித்தேன். அவனுடைய தலையை எடுத்துவிட்டு அண்ணையின் தலையை வைத்தேன். வெள்ளைக்காரனின் கைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. தேயிலைச் சாயத்தைப் பஞ்சில் தோய்த்து அவற்றுக்கு எங்கள் நிறத்தைக் கொடுத்தேன். அந்த யோசனை முழுக்க என்னுடையது. அது இன்றும் எனக்குச் சிறிய பெருமைதான்.

ஆனால் ஒட்டிய படம் தடிப்பாக இருந்தது. விரல் வைத்தால் தலையின் ஓரம் தட்டுப்பட்டது. மாமி அதற்கும் வழி வைத்திருந்தார். குடையும் கையுமாக என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, பருத்தித்துறையில் படம் பிடிக்கிறவரிடம் போனார். அவர் ஒட்டிய படத்தைப் பலகையில் குத்தி, அதையே ஒரு படமாகப் பிடித்தார். மூன்று நாளில் கிடைத்த படம் கறுப்பு வெள்ளையில், வழவழவென்று, ஒட்டில்லாமல் இருந்தது. வெட்டிய இடங்களை மெல்லிய தூரிகையால் அவர் மறைத்திருந்தார்.

"ஆர் இதை வெட்டினது?" என்று கேட்டார்.

"என்ரை மருமகள்" என்றார் மாமி. என் மூன்று அடிகளுக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அம்மா அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்பா கதிரையில் இருந்தார். மாமி தட்டிக்கு அப்பால் நின்றார். நான், சோதனைத் தாள் திருத்தும் ஆசிரியைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றேன்.

"நிமிந்து நிக்கிறான்" என்றார் அம்மா. அன்று அரைக்கோப்பை கஞ்சி குடித்தார். மாமி வெறும் கோப்பையைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

இரண்டாவது கடிதத்தோடு இரண்டாவது படம் போனது. அதை நான் மிகவும் அக்கறையாகச் செய்தேன். பனி மூடிய தெருவில், கணுக்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டோடு ஒருவன் நின்றான். ஆள் சிறிதாகத் தெரிந்ததால் அண்ணையின் தலை அவனுக்குப் பெரிதாகிவிட்டது. படம் பிடிக்கிறவரே அண்ணையின் படங்களில் இன்னொன்றை வாங்கிவைத்துக்கொண்டு, அதைச் சிறிதாக்கித் தந்தார். பனி போதாது என்று உப்புத்தூளைப் பசையில் தூவினேன். உப்பு மினுங்கியது. படத்தில் அது நன்றாகவே விழுந்தது.

அந்தப் படம் கொடுத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. அப்பா கடலில் இருந்து வந்து படுத்திருந்தார். மாமி சந்தைக்குப் போயிருந்தார். நான் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடியபடியே கேட்டார்.

"இன்னும் எத்தினை படம் மிச்சம்?"

"என்ன படம்?"

"கப்பல் புத்தகத்துக்கு எடுத்தது. றங்குப்பெட்டிக்குள்ளை இருந்தது."

விசிறி நின்றுவிட்டது. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று மாமிக்குக் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். இது சொல்வதில் சேருமா, கேட்டதற்கு மறுமொழி சொல்வதில் சேருமா என்று தெரியவில்லை.

"ஆறு" என்றேன்.

"விசிறு. பயப்பிடாதை, நான் ஒருத்தருக்கும் சொல்லன்." அம்மா தலையணைக்குக் கீழே இருந்து கப்பல் தட்டுப் படத்தை எடுத்தார். "உன்ரை வேலை நல்லாத்தான் இருக்கு. கழுத்துத்தான் கொஞ்சம் நீளம். ஒட்டகம் மாதிரி."

"எப்பிடிக் கண்டு பிடிச்சனீங்கள்?"

"உச்சியிலை ஒரு மயிர் நிக்குது பார். அண்டைக்குப் படம் எடுக்கப் போகேக்கை நான்தான் தலை இழுத்து விட்டனான். எவ்வளவு எண்ணெய் வைச்சும் உது படியேல்லை. பனிக்குள்ளையும் அதே மயிர் அப்பிடியே நிக்குது."

நான் தவறவிட்டதை அம்மா கண்டுபிடித்துவிட்டார் என்பதில் எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதம் பிந்துவதால் சும்மா செய்தது, உண்மையான படம் வந்ததும் இவற்றைக் கிழித்துவிடலாம் என்று அம்மாவைத் தேற்றினேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"கொப்பா இப்ப பதினொரு மணிக்குப் படலையடிக்குப் போறாரோ?"

யோசித்துப் பார்த்தேன். போவதில்லை. தந்தி வந்த நாளுக்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை. அந்த நேரத்தில் கொட்டிலுக்குள் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார்.

"இல்லை" என்றேன்.

"ஓம்" என்றார் அம்மா. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நித்திரை என்று நினைத்து விசிறியை வைத்தேன்.

"நான் செத்தாப்பிறகு படம் பிடிப்பினம்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "எல்லாரும் சுத்தி நிப்பியள். என்ரை தலைமாட்டிலை ஒரு ஆள் நிக்கிற இடம் விட்டுவை. பிறகு கொண்ணையை அதிலை ஒட்டிவிடு."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சவத்தைத் தூக்குமுன் படம் பிடிக்கிறவரைக் கூப்பிட்டு, கிடத்தியவரைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் தலைமாட்டில் நிற்பார்கள். தாய்க்குக் கொள்ளி வைக்கும் மகனின் இடம் அது.

"அண்ணை வந்திடுவார்தானே, ஏன் ஒட்டவேணும்?"

"வந்தால் ஒட்டவேண்டாம்."

அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் பட்டது. சரி என்றேன்.

"இன்னொண்டு. எனக்கு உதுகள் தெரியுமெண்டு கொப்பாவுக்குச் சொல்லாதை. சொன்னால் அந்த மனுசன் கடிதம் வாசிக்கிறதை விட்டிடும். வாசிக்கட்டும். அவருக்கும் வாசிக்கவேணும்."

ஆக, பத்து வயதில் என்னிடம் இரண்டு சத்தியங்கள் இருந்தன, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக. அன்றிரவு அவற்றில் முதலாவதை நான் ஏற்கனவே முறித்துவிட்டேனா என்று யோசித்தபடி நித்திரையானேன். மறுநாள், பனிப் படத்தின் மூலத்தை, நான் கையால் ஒட்டியதை, எடுத்து, அதன் பின்புறத்தில், பொருட்களின் பட்டியலுக்குக் கீழே, "அம்மா கண்டுபிடித்தா" என்று எழுதி, செவ்வாய்க்கிழமையின் திகதியைப் போட்டேன்.

அதன் பிறகு அப்பா மூன்று கடிதங்கள் வாசித்தார். மூன்றாவது படமும் செய்தேன், பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்றுக்கு முன்னால். அம்மா அதைப் பார்த்து, அப்பாவுக்குக் கேட்கும்படி, "கோட்டுப் போடாமல் நிக்கிறான், அங்கை இப்ப வெயிலாக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. கடிதத்தை அப்பா வாசித்து முடித்ததும் முன்பெல்லாம் வாங்கிக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். இப்போது கேட்கவில்லை. அப்பாவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

பதில்கள் மாறியிருந்தன. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கட்டளைகள் இல்லை, எண்ணெய் இல்லை, மாட்டிறைச்சி இல்லை. "கொப்பா என்னை நல்லாப் பாக்கிறார் எண்டு எழுதச் சொல்லு" என்றார் ஒருநாள். அடுத்த பதிலில், தாங்கள் கலியாணம் செய்த புதிதில் அப்பா வள்ளத்தில் வல்லிபுரக் கோயிற் பக்கம் கூட்டிப்போன கதையைச் சொன்னார், அண்ணைக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கடைசிப் பதிலில் குரல் மிகவும் இறங்கிவிட்டது. நான் காதைக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொரு சொல்லாக அப்பாவுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

"மகன், உன்னைக் கப்பலுக்கு அனுப்பினதுக்கு நான் கொப்பாவோடை கதைக்காமல் இருந்தனான். அது என்ரை பிழை. அவர் உன்ரை நன்மைக்குத்தான் செய்தவர். நடக்கிறது நடக்கும், அதுக்கு அவர் என்ன செய்யிறது. எனக்கு இப்ப அவரிலை ஒரு கோவமும் இல்லை."

அப்பா எழுதினார். தலையைக் குனிந்தே வைத்திருந்தார். முடித்ததும், மிக மெதுவாக, என்னிடம் அல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "அவன் இருக்கிறானெண்டு நினைச்சுச் சொல்லுறா." அம்மாவின் காதில் அது விழவில்லை. அண்ணை இருக்கிறார்தானே, இதிலென்ன நினைப்பதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்பா முகத்தைப் பார்த்தால் கேட்கக்கூடிய முகமாக இல்லை. அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தபாலில் போடப் போவதாக வெளியே போனார்.

அம்மா ஐப்பசியில், நல்ல மழை நாளொன்றில் காலையில் போனார். செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணினால் பத்தொன்பதாம் நாள்.

செத்த வீட்டில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பெடியனுக்குத் தந்தி குடுத்தாச்சோ?" அப்பா ஒவ்வொருவருக்கும், "குடுத்தாச்சு" என்றார். "எப்ப வாறானாம்?" "நடுக்கடலிலையாம்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் பொய் சொல்பவரின் தடுமாற்றம் எதுவும் இருக்கவில்லை. பெரியப்பாவின் மகனுக்கு நனைந்த வேட்டி கட்டிவிட்டார்கள். கொள்ளி வைப்பது அவன்தான் என்று முடிவாயிற்று.

பறைச் சத்தம் நின்ற ஒரு இடைவெளியில் படம் பிடிக்கிறவர் வந்தார். பருத்தித்துறைக்காரரேதான். அம்மாவைப் பந்தலுக்குள் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அப்பா, மாமி, பெரியப்பா வீட்டார், ஊரார் என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் அம்மாவின் தலைமாட்டில் நின்றேன், ஆனால் தலையிலிருந்து ஓர் ஆள் அளவுக்குத் தள்ளி.

"பிள்ளை, கிட்ட வந்து நில்லு" என்றார் படம் பிடிக்கிறவர்.

நான் நகரவில்லை. மாமி கையைப் பிடித்து இழுத்தார். நான் காலை ஊன்றிக்கொண்டேன். பெரியப்பாவின் மகன் அந்த இடத்துக்கு வந்து நிற்கப் பார்த்தான். அவனை இரண்டு கையாலும் தள்ளிவிட்டேன்.

"அது அண்ணையின்ரை இடம்" என்றேன்.

பெண்கள் எல்லாரும் ஒரேயடியாக அழத் தொடங்கினார்கள். பிள்ளை அண்ணையைத் தேடுகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் ஒன்றையும் தேடவில்லை, அளவு பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி மறுபடி இழுத்தபோது அப்பா சொன்னார். "அவளை விடுங்கோ அக்கா. நிக்கிறபடி நிக்கட்டும்." அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்திலும் அவர் கண் அங்கேதான் இருக்கிறது. மற்ற எல்லாரும் கமராப் பெட்டியைப் பார்க்கிறார்கள்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் படம் வந்தது. மாமி அதைப் பார்க்கமாட்டேன் என்று அலுமாரியின் மேல் கவிழ்த்து வைத்தார். பின்னேரம் அப்பாவும் மாமியும் ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தபோது, கதிரையில் ஏறி அதை எடுத்தேன். அண்ணை அதுவரை வரவில்லை. அம்மா சொன்னதன்படி, வராவிட்டால் ஒட்டவேண்டும்.

வேலை நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கப்பல் புத்தகப் படத்திலுள்ள தலை என் பெருவிரல் அளவு. செத்த வீட்டுப் படத்தில் ஆட்களின் தலைகள் புளியங்கொட்டை அளவு. பொருத்தமான அளவில் முழு அண்ணை ஒருவர்தான் இருந்தார், பனியில் நிற்பவர். அம்மாவுக்குக் கொடுத்த படத்திலிருந்து அவரைச் சுற்றி வெட்டியெடுத்து, இடத்தில் வைத்துப் பார்த்தேன். உயரம் சரியாக இருந்தது. ஆனால் வெற்றுமேலோடும் வேட்டியோடும் நின்ற ஆண்களுக்கு நடுவில், அண்ணை மட்டும் கம்பளிக் கோட்டும் சப்பாத்துமாய் அம்மாவின் தலைமாட்டில் நின்றார். தாய் செத்த வீட்டில் அது முறையல்ல என்பது எனக்கும் தெரியும். அப்பாவின் பழைய வேட்டிக் கரையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடுப்பிலிருந்து கீழே கட்டுவதுபோல ஒட்டினேன். மேலுடம்புக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கோட்டின் கழுத்துப்பட்டையை மறைக்க கழுத்திலும் தோளிலும் கொஞ்சம் வீபூதியைப் பசையில் தொட்டு வைத்தேன். வேட்டித் துண்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் நான்காவது அடிக்குத் தயாரானேன்.

"இது ஆர் சொல்லிச் செய்யிறாய்?"

அம்மா போய்விட்டதால் சத்தியமும் முடிந்துவிட்டதா என்று யோசித்தேன். அடியின் பயத்தில் அது முடிந்துவிட்டதாகவே பட்டது.

"அம்மாதான் சொன்னவ. அண்ணை வந்தால் ஒட்டவேண்டாம், வராட்டி ஒட்டச் சொன்னவ."

அப்பா நிலத்தில் என் பக்கத்தில் இருந்தார். வேட்டித் துண்டு உலர்ந்துகொண்டிருந்தது.

"வேறை என்ன சொன்னவ?"

எல்லாவற்றையும் சொன்னேன். உச்சி மயிரைச் சொன்னேன். ஒட்டகக் கழுத்தைச் சொன்னேன். அவர் பதினொரு மணிக்குப் படலையடிக்குப் போவதில்லை என்று அம்மா கேட்டறிந்ததையும் சொன்னேன். அப்போது அப்பாவின் கை தரையில் ஊன்றியது.

"எப்ப? எந்த நாள்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இருந்தேன். ஓடிப்போய்ப் பனிப் படத்தின் மூலத்தைக் கொண்டுவந்து, பின்புறத்தைத் திருப்பிக் காட்டினேன். உப்பு, பசை, கம்பளிக் கோட்டு, அதற்குக் கீழே செவ்வாய்க்கிழமையின் திகதி. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கடைசிப் பதில் சொல்லுறதுக்கு முந்தியோ?"

"ஓம் அப்பா. அதுக்கு இரண்டு கிழமை முந்தி."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

அவர் என்னை அடிக்கவில்லை. படத்தைக் கிழிக்கவும் இல்லை. எழுந்து கொட்டிலுக்குள் போனார். சிறிது நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். வலைகளுக்கு நடுவில், மடியில் மடித்த தாள்கள் சில கிடந்தன. அண்ணைக்குத் தபாலில் போடப் போவதாகக் கொண்டுபோன பதில்கள், ஒன்றுகூடப் போடப்படாமல். மேலே இருந்தது கடைசிப் பதில். அப்பா அதை விரித்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். முடித்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அது ஆறிப் பாலாடை படிந்த பிறகும் வாசித்துக்கொண்டே இருந்தார்.

கேட்ட திகதியைப் பிழையில்லாமல் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு நான் கதவடியில் நின்றேன். ஒரு மனிதர் தன் கையாலேயே எழுதிய கடிதத்தை, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரைப் போல, ஏன் அத்தனை தரம் வாசிக்கவேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.